சிறு விமான நிலையம் எப்படி இயங்குகிறது? ஓர் எளிய அறிமுகம்

நாளொன்றுக்கு நான்கே விமானங்கள் வந்துபோகும் நிலையமாக இருந்தாலும், அந்த நான்கும் இறங்க ஓடுபாதை முழு நீளத்தில் இருந்தாக வேண்டும். தீயணைப்பு வண்டியில் நீரும் நுரைக்கரைசலும் நிரம்பியிருக்க வேண்டும். வானிலைக் கருவிகள் அளவெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி பழுதின்றி இருக்க வேண்டும். வருகிற பயணிகள் நாற்பது பேரானாலும் நானூறு பேரானாலும், இவற்றில் பெரும்பாலானவற்றின் செலவு மாறுவதில்லை. வட்டார விமான நிலையம் ஒன்றைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: விமானங்களை அனுப்புவதற்கு ஆகும் செலவைவிட, அனுப்புவதற்கு ஆயத்தமாகக் காத்திருப்பதற்கு ஆகும் செலவே அங்கு அதிகம்.

வட்டார விமான நிலையம் என்பதற்கு உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட ஒரே வரையறை கிடையாது. ஒரு சிறு நகரத்தையோ தீவையோ மலைப்பகுதியையோ நாட்டின் பெரிய விமான நிலையங்களோடு இணைப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டு, பெரும்பாலும் 19 முதல் 80 இருக்கைகள் வரை கொண்ட விமானங்களைக் கையாளும் நிலையம் என்று பொதுவாகக் கொள்ளலாம். சிலவற்றில் பெரிய ஜெட் விமானங்களும் இறங்குவதுண்டு. ஆனால் அவற்றின் அன்றாட வாழ்க்கை சிறிய விமானங்களை நம்பியே நடக்கிறது.

தொடக்கக் காலத்தில் எல்லா விமான நிலையங்களுமே சிறியவைதாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் காலேஜ் பார்க் என்னும் இடத்தில், ராணுவ அதிகாரிகளுக்கு வில்பர் ரைட் பயிற்சி அளிப்பதற்காக 1909இல் அமைந்த திடல், இன்றுவரை இடையறாமல் இயங்கிவரும் மிகப் பழைய விமான நிலையமாகக் கருதப்படுகிறது. அக்காலத்து விமானங்கள் எடை குறைந்தவை. பக்கவாட்டில் வீசும் காற்றுக்கு எளிதில் தடுமாறக்கூடியவை. ஆகவே அகன்ற புல்வெளி ஒன்று இருந்தால் போதும், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசையை நோக்கி ஓடி எழும்பிவிடலாம் என்ற நிலை இருந்தது. ஓடுபாதை என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை.

கால அட்டவணைப்படி இயங்கிய உலகின் முதல் பயணிகள் விமானச் சேவையும் இரண்டு சிறு ஊர்களுக்கு இடையில்தான் நடந்தது. 1914 ஜனவரி 1ஆம் தேதி புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து விரிகுடாவுக்கு அப்பாலுள்ள டாம்பாவுக்கு அது தொடங்கியது. நீரில் இறங்கக்கூடிய அந்தச் சிறு விமானத்தில் விமானியைத் தவிர ஒரே ஒருவர்தான் அமர முடியும். பயண நேரம் 23 நிமிடம். கட்டணம் 5 டாலர். உள்ளூர்ப் பிரமுகர்கள் அதற்கு மானியம் அளிக்க முன்வந்திருந்தார்கள். குளிர்காலச் சுற்றுலாப் பருவம் முடிந்ததும், ஏறக்குறைய நான்கே மாதங்களில் அந்தச் சேவை நின்றுபோயிற்று. முதலில் ஊராரின் ஆர்வம், அதன்பின் மானியம், பருவத்துக்கு மட்டும் வரும் கூட்டம், கடைசியில் நிறுத்தம் என்ற இந்த வரிசை நூறாண்டு கழித்தும் பல ஊர்களில் அப்படியே திரும்ப நடப்பதைக் கவனித்தால், வட்டார விமானப் போக்குவரத்தின் அடிப்படைச் சிக்கல் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

கான்கிரீட் ஓடுபாதைகள் பரவலாகப் பெருகியது இரண்டாம் உலகப் போரின்போதுதான். குண்டுவீச்சு விமானங்களின் எடையைப் புல்தரை தாங்காது என்பதால், போரிட்ட நாடுகள் ஆயிரக்கணக்கான தளங்களை அவசர அவசரமாகக் கட்டின. பிரிட்டனில் அப்போது கட்டப்பட்ட தளங்கள் பலவற்றில், காற்றின் திசை எப்படி மாறினாலும் ஒன்றாவது பயன்படட்டும் என்று மூன்று ஓடுபாதைகளை முக்கோணமாக ஒன்றையொன்று வெட்டும்படி அமைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் அந்த வடிவத்தின் தடம் இன்றும் பல இடங்களில் தெரியும். போர் முடிந்ததும் இந்தத் தளங்களில் பல உள்ளாட்சிகளின் கைக்கு வந்தன. அதே வேளையில், போருக்காகப் பத்தாயிரத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டிருந்த டிசி-3 வகைப் போக்குவரத்து விமானங்கள் மலிவு விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஓடுபாதையும் மிச்சம், விமானமும் மிச்சம் என்ற அந்த அரிய சூழலில்தான் இன்றைய வட்டார விமான நிலையங்களில் கணிசமானவை பிறந்தன. ஊரின் தேவையை அளந்து இடம் தேர்ந்து கட்டப்பட்டவை அவற்றுள் குறைவு. போரின் தேவைக்காக எங்கோ அமைந்த தளத்துக்கு ஊர் தன்னைப் பொருத்திக்கொண்டதே அதிகம்.

பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். பெரிய நகரங்கள் ஓடுபாதைகளை நீட்டின. நீட்ட இடமோ பணமோ இல்லாத ஊர்களுக்காக டர்போப்ராப் என்னும், உந்துவிசிறி பூட்டிய விமானங்கள் தொடர்ந்து தயாரிக்கப்பட்டன. 1958இல் பயணிகள் சேவைக்கு வந்த ஃபோக்கர் எஃப்27, எண்பதுகளில் உருவான ஏடிஆர் 42, ஏடிஆர் 72 ஆகியவை இந்த வரிசையில் வருபவை. விமானம் எது என்பதை ஓடுபாதை தீர்மானிக்கிறது. ஓடுபாதையை நீட்டுவதா வேண்டாமா என்பதை எதிர்பார்க்கும் விமானம் தீர்மானிக்கிறது. இந்தச் சுழலிலிருந்து எந்தச் சிறு நிலையமும் தப்ப முடியாது.

நார்வே நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலைகளும் கடற்கழிகளும் குறுக்கிடும் அதன் கடற்கரையில் சாலைப் பயணம் மிக நீண்டது. எனவே 1968 முதல், வெறும் 800 மீட்டர் நீள ஓடுபாதை கொண்ட சிறு நிலையங்களை அந்நாடு வரிசையாகக் கட்டத் தொடங்கியது. 19 இருக்கைகள் கொண்ட ட்வின் ஆட்டர் விமானத்துக்கு அந்த நீளம் தாராளமாகப் போதும். தொண்ணூறுகளில் 39 இருக்கைகள் கொண்ட டாஷ் 8 விமானம் அந்த இடத்துக்கு வந்தது. அதுவும் அத்தனை குறுகிய தளத்தில் இறங்கவல்லது. ஆனால் அந்த அளவு டாஷ் 8 விமானங்களின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகளாகின்றன. உலகின் பிற நாடுகள் பெரிய விமானங்களை விரும்பியதால், 800 மீட்டரில் இறங்கும் 40 இருக்கை விமானத்தை உருவாக்க யாருக்கும் வணிகக் காரணம் இருக்கவில்லை. ஆக, ஓடுபாதைகளைக் கடலுக்குள்ளோ மலையைக் குடைந்தோ நீட்டுவதா, அருகருகே உள்ள நிலையங்களை ஒன்றாக்குவதா, பழைய விமானங்களையே பழுதுபார்த்து ஓட்டுவதா என்ற கேள்வி அங்கே நீடிக்கிறது. ஓடுபாதைக்கு நாம் தேர்ந்தெடுக்கும் நீளம் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கணக்குக் கேட்கும்.

அப்படியானால் ஓர் ஓடுபாதை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழி உருவான ஐசிஏஓ என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, நிலையங்களை ஓர் எண்ணாலும் ஓர் எழுத்தாலும் வகைப்படுத்துகிறது. எண் ஓடுபாதையின் தேவையைக் குறிக்கும்: 1,200 மீட்டரிலிருந்து 1,800 மீட்டருக்குள் என்றால் 3, அதற்கு மேல் என்றால் 4. எழுத்து இறக்கையின் விரிவைக் குறிக்கும்: 24 மீட்டரிலிருந்து 36 மீட்டருக்குள் என்றால் சி. ஏடிஆர் 72 விமானம் 3சி வகை. ஏர்பஸ் ஏ320 விமானம் 4சி வகை. அதாவது, இறக்கை அகலத்தில் இரண்டும் ஒரே வகுப்பு. ஓடுபாதைத் தேவையில் வேறு வகுப்பு. ஒரு நிலையம் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாறுவதென்றால் நிலம் கையகப்படுத்துவது முதல் ஓடுபாதை முனையிலுள்ள பாதுகாப்புப் பரப்பு வரை எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

இதில் வெப்பமும் உயரமும் செய்யும் வேலை பலரும் அறியாதது. சூடான காற்றும் உயரமான இடத்துக் காற்றும் அடர்த்தி குறைந்தவை. இறக்கைக்குத் தூக்குவிசையும் குறையும், எஞ்சினுக்கு வலுவும் குறையும். கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸ் வெப்பத்தில், முழு எடையோடு எழும்ப 1,300 மீட்டர் தேவைப்படும் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏடிஆர் 72 ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். நிலையம் 600 மீட்டர் உயரத்தில் இருக்குமானால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 7 விழுக்காடு கூட்ட வேண்டும் என்ற பொது விதிப்படி தேவை 1,482 மீட்டராகிறது. அந்த உயரத்தில் தரநிலை வெப்பம், அதாவது கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளும் வெப்பம், ஏறத்தாழ 11 பாகை. கோடையில் அங்கே 31 பாகை அடிக்கும் என்றால், மிகுதியாக உள்ள ஒவ்வொரு பாகைக்கும் 1 விழுக்காடு வீதம் 20 விழுக்காடு கூட்ட வேண்டும். தேவை 1,780 மீட்டரை எட்டிவிடும். அந்த ஊரில் இருப்பது 1,500 மீட்டர் ஓடுபாதைதான் என்றால், விமானம் எடையைக் குறைத்துக்கொண்டுதான் எழும்ப வேண்டும். சில இருக்கைகளை விற்காமல் விடுவார்கள், அல்லது சில பைகள் அடுத்த விமானத்தில் வந்து சேரும். நண்பகல் விமானத்தை அதிகாலைக்கு மாற்றுவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

ஓடுபாதையின் முனையில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் எண், காந்தத் திசையின் பாகையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பது. கிழக்கு நோக்கி ஓடினால் 09, அதே பாதையில் எதிர்ப்பக்கம் ஓடினால் 27. பூமியின் காந்த வடக்கு மெல்ல இடம் மாறுவதால் இந்த எண்களையும் எப்போதாவது அழித்து எழுத வேண்டியிருக்கிறது. லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 05/23 என்றிருந்த ஓடுபாதை 2009இல் 04/22 ஆயிற்று. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். விமானி இறங்கும் சரிவு சரியாக இருந்தால் இரண்டு வெண்மையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். நான்கும் வெண்மை என்றால் மிக உயரத்தில் வருகிறார், நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வில் வருகிறார்.

சிறு நிலையத்தின் காலைப் பொழுது, முதல் விமானம் வருவதற்கு முன்பே, ஓடுபாதையை வண்டியில் மெதுவாகச் சுற்றிவந்து பார்ப்பதோடு தொடங்குகிறது. தேடுவது பெரும்பாலும் அற்பப் பொருள்களைத்தான்: ஒரு திருகாணி, பெயர்ந்த கல், பெட்டியிலிருந்து கழன்ற சக்கரம். 2000 ஜூலையில் பாரிசில் கான்கார்டு விமானம் எரிந்து விழுந்ததற்கு, முன்னே சென்ற விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்துகிடந்த ஓர் உலோகப் பட்டையே தொடக்கமாக இருந்தது என்பதை நினைத்தால் இந்தத் தேடல் ஏன் என்பது விளங்கும். புல்லை வெட்டும் உயரத்திலும் ஒரு கணக்கு உண்டு. புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் பறவைகள் புழுக்களை எளிதில் கொத்தும். சுற்றிலும் பகை வருகிறதா என்றும் பார்க்க முடியும். பிரிட்டனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை புல்லை வளரவிடும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

இனி ஒரு விமானம் வந்து திரும்புவதைப் பார்ப்போம். ஏடிஆர் 72 நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றதும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கிறார்கள். சுற்றிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைக்கப்படுகின்றன. வால்பகுதி சாய்ந்துவிடாதபடி அடியில் ஒரு தாங்குகோல் பொருத்தப்படுகிறது. இந்த விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு இடப்பக்கம் பின்னால் இருக்கிறது. படிக்கட்டு கதவோடு இணைந்தே வருகிறது. சரக்குக் கதவு முன்னால் இருக்கிறது. எனவே ஏணி வண்டியும் வேண்டாம், இணைப்புப் பாலமும் வேண்டாம். பெரிய ஜெட் விமானங்களில் தரையில் நிற்கும்போது மின்சாரம் தர வால்பகுதியில் ஒரு துணை எஞ்சின் இருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. அதற்குப் பதிலாக வலப்பக்க எஞ்சினின் உந்துவிசிறியை மட்டும் பூட்டுப் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுத்துக்கொள்ளலாம். வெளி மின்கருவி வாங்க வசதியில்லாத நிலையத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒரு பக்கம் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பயணிகள் மறுபக்கம் நடந்து வருகிறார்கள் என்பதால், அவர்கள் வழிதவறி வலப்பக்கம் போகாதபடி ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரைமணி நேரத்துக்குள் இறக்கம், துப்புரவு, எரிபொருள், ஏற்றம் எல்லாம் முடிந்துவிடுகின்றன. பயணச்சீட்டைச் சரிபார்த்தவரே சற்று நேரம் கழித்து ஏறுவாயிலில் நிற்பதைச் சிறு நிலையங்களில் காணலாம். இது சிக்கனம் மட்டுமன்று, அடுத்த விமானம் வரும்வரை தனித்தனி ஆட்களுக்குக் கொடுக்க வேலை இல்லை என்பதும்தான்.

தீயணைப்புப் பணி அப்படி அடுத்த வேலையோடு எளிதில் கலந்துவிடக்கூடியதன்று. விமானத்தின் நீளத்தையும் உடற்பகுதியின் அகலத்தையும் வைத்து நிலையங்களுக்கு 1 முதல் 10 வரை தீயணைப்பு வகை வகுக்கப்பட்டுள்ளது. 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் 72 இறங்க 5ஆம் வகை வேண்டும். ஏ320 இறங்க 6ஆம் வகை வேண்டும். 5ஆம் வகைக்கு ஒரு வண்டி போதும். 6ஆம் வகைக்கு இரண்டு. பி தர நுரை பயன்படுத்தும் 5ஆம் வகை நிலையத்தில் குறைந்தது 5,400 லிட்டர் நீர் இருக்க வேண்டும். அதை நிமிடத்துக்கு 3,000 லிட்டர் வீதம் பீய்ச்ச முடிய வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் தொட்டி காலியாகிவிடுமே என்று தோன்றலாம். நோக்கம் தீ முழுவதையும் அணைப்பதன்று. பயணிகள் வெளியேறும் வழியைச் சில நிமிடம் தீ நெருங்காமல் காப்பதே. அதனால்தான் அபாய மணி அடித்து மூன்று நிமிடத்துக்குள், இயன்றால் இரண்டே நிமிடத்துக்குள், ஓடுபாதையின் எந்த இடத்தையும் எட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நிலைய வாயிலில் ஊர்த் தீயணைப்பு நிலையம் இருந்தாலும் அது இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. விதியில் சிறு நிலையங்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: ஆண்டில் மிக நெரிசலான மூன்று தொடர் மாதங்களில் அங்கே வரும் மிகப் பெரிய வகை விமானங்களின் வருகையும் புறப்பாடும் சேர்ந்து 700க்குக் குறைவாக இருந்தால், ஒரு வகை குறைத்துக்கொள்ளலாம். தீயணைப்பு வீரர்கள் இடைப்பட்ட நேரத்தில் பறவை விரட்டுவது, புல் வெட்டுவது, குளிர்நாடுகளில் பனி அள்ளுவது போன்ற வேலைகளைப் பார்ப்பதுண்டு. ஆனால் விமானம் இறங்கும் நேரத்தில் அவர்கள் வண்டியருகே இருந்தாக வேண்டும்.

கோபுரத்திலிருந்து கட்டளையிடும் கட்டுப்பாட்டாளர் எல்லாச் சிறு நிலையங்களிலும் இருப்பதில்லை. நார்வே போன்ற நாடுகளின் சிறு நிலையங்களில் இருப்பவர் தகவல் அலுவலர். காற்று, ஓடுபாதையின் நிலை, அருகிலுள்ள பிற விமானங்கள் ஆகியவற்றைச் சொல்வார், இறங்க அனுமதி அளிப்பதோ மறுப்பதோ அவர் வேலையன்று. அமெரிக்காவில் அந்த ஆளும் இல்லாத நிலையங்கள் ஏராளம். இரவில் அங்கே இறங்க வரும் விமானி, குறித்த அலைவரிசையில் ஒலிவாங்கிப் பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழு முறை தட்டினால் ஓடுபாதை விளக்குகள் முழு ஒளியோடு எரியும். பதினைந்து நிமிடம் கழித்துத் தாமே அணைந்துவிடும். மற்றொரு வழி தொலைதூரக் கோபுரம். சுவீடனின் ஊர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தில் கேமராக்களை நிறுவி, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சுண்ட்ஸ்வாலில் அமர்ந்து கட்டுப்படுத்தும் முறை 2015இல் நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே அதுதான் முதல். ஒரே மையத்திலிருந்து பல நிலையங்களைக் கவனிக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

மோசமான வானிலையில் ஓடுபாதையைக் கண்டுபிடிக்க உதவும் தரைக் கருவிகளை நிறுவிப் பராமரிப்பது செலவு மிக்கது. அவை இல்லாத நிலையத்தில், மேகம் சற்றுத் தாழ்ந்தாலே விமானம் வேறிடத்துக்குத் திருப்பப்படும். செயற்கைக்கோள் வழி இறங்கும் முறை இந்த வேறுபாட்டை இப்போது குறைத்துவருகிறது. இந்தியாவின் ககன் அமைப்பைக் கொண்டு, ராஜஸ்தானின் கிஷன்கர் என்னும் சிறு நிலையத்தில் 2022 ஏப்ரலில் ஓர் ஏடிஆர் விமானம் அப்படி இறங்கிக் காட்டியது. தரையில் பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

வருமானம் என்று பார்த்தால், விமானத்தின் எடைக்கேற்ற இறங்குக் கட்டணம், பயணிக் கட்டணம், வாகன நிறுத்தம், கடை வாடகை என்று சில வழிகளே உள்ளன. அவை எல்லாமே பயணிகளின் எண்ணிக்கையோடு கூடிக் குறைபவை. செலவோ அப்படிக் குறையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வெளியிட்ட அரசு உதவி வழிகாட்டுதல், ஆண்டுக்கு 2 லட்சம் பயணிகளுக்குட்பட்ட நிலையங்களால் அன்றாட இயக்கச் செலவில் பெரும்பகுதியையே ஈட்ட முடியாமல் போகலாம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. கட்டுமான முதலீட்டை மீட்பது பற்றிய பேச்சே அங்கே எழுவதில்லை. ஆகவே நட்டத்தில் இயங்கும் சிறு நிலையத்தை நிர்வாகக் கோளாறு என்று உடனே முடிவுகட்டுவது அவசரமான தீர்ப்பு என்பது என் கருத்து. அந்த நட்டத்துக்கு ஈடாக ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதே பொருத்தமானது.

விமான நிறுவனங்களுக்கும் இதே நெருக்கடி உண்டு. அமெரிக்கா 1978இல் விமானத் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, நிறுவனங்கள் சிற்றூர்களை அப்படியே கைவிட்டுவிடும் என்ற அச்சத்தில், இன்றியமையா விமானச் சேவை என்ற மானியத் திட்டத்தையும் உடன் கொண்டுவந்தது. ஐரோப்பாவில், தேவையான வழித்தடத்தை ஏலத்தில் விட்டு, வெல்லும் நிறுவனத்துக்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள் வரை அத்தடத்தில் தனித்துப் பறக்கும் உரிமையும் ஈட்டுத்தொகையும் தருகிறார்கள். சிறு ஊர்களை விமானத்தால் இணைக்க இந்தியா 2016இல் அறிவித்த உடான் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு அவற்றைத் தந்தது. காலக்கெடு முடியும் தறுவாயில் தொடர்வதா விலகுவதா என்று நிறுவனம் கணக்குப் போடுகிறது. விலகினால், நிலையத்தின் அட்டவணை ஒரே நாளில் வெறுமையாகிவிடுகிறது.

அப்போதும் ஓடுபாதைக்கு வேலை இருக்கும். நோயாளிகளை ஏற்றிச்செல்லும் விமானங்கள், காட்டுத்தீ அணைக்கும் விமானங்கள், விமானிப் பயிற்சிப் பள்ளிகள், அஞ்சலும் சரக்கும் சுமக்கும் சிறு விமானங்கள் ஆகியவை அட்டவணைச் சேவை உள்ள காலத்திலும் அங்கே வந்துபோகின்றன. பயிற்சிப் பள்ளி உள்ள நிலையத்தில் ஒரு நாளில் நடக்கும் இறக்கங்களின் எண்ணிக்கை, பயணிகள் விமானங்களின் எண்ணிக்கையைப் பலமடங்கு மிஞ்சும். ஸ்காட்லாந்தின் பாரா தீவில் ஓடுபாதையே கடற்கரை மணல்தான். கடல் ஏறும் நேரத்தில் அது நீருக்குள் போய்விடும் என்பதால் விமான அட்டவணையைக் கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே எழுதுகிறார்கள். கிளாஸ்கோவிலிருந்து பயணிகளோடு வரும் விமானத்தை நம்பி 1936 முதல் அந்தத் தீவே வாழ்ந்துவருகிறது. பயணிகளின் தலையை மட்டும் எண்ணி அந்தச் சேவையை மதிப்பிடுகிறவர், தீவிலிருந்து மருத்துவமனைக்குப் புறப்படும் நோயாளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.